பொள்ளாச்சிப் பக்கம் 30 குழந்தைகளுக்கு மரக் கட்டடத்தில் கிரெச்: கரையான், மழை, தீ

கொங்கு_கட்டடம் (கேள்வி)

பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்புக்குள், 1 முதல் 5 வயது வரையான 30 குழந்தைகளுக்கு ஒரு கிரெச் (பகல் நேரக் குழந்தைகள் காப்பகம்) வரைகிறேன். தரைத்தளம் மட்டும். சிமென்டும் கம்பியும் குறைய வேண்டும், முடிந்ததெல்லாம் மரமாக இருக்கட்டும் என்கிறார் உரிமையாளர். வரைவு இப்போது இப்படி இருக்கிறது:

6 × 6 மீட்டரில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். 25 டிகிரி சரிவு, மங்களூர் ஓடு. முகட்டு உத்திரம் 120 × 360 மி.மீ. குளூலாம் (பலகைகளைப் பசையால் அடுக்கி ஒட்டிய மரம்), ஒரே பாய்ச்சலாக 6 மீட்டர். கைமரம் 50 × 150, 600 மி.மீ. இடைவெளியில். சுவருக்கு 50 × 100 மரச்சட்டம், இருபுறமும் பலகை. மூலைத் தூண்களைக் காங்கிரீட்டில் 450 மி.மீ. புதைப்பதாக எண்ணம். தரையும் மரம். சமையலறையும் கழிப்பறையும் பின்சுவரோடு ஒட்டி, அவையும் மரச்சட்டத்தில்.

மர டிப்போவில் சி.சி.ஏ. என்ற மருந்து ஏற்றிய பைன் மரத்தைக் கரையானுக்கு நல்லது என்று சொல்கிறார்கள். குழந்தைகள் தொடும் இடத்தில் அது சரியா? தீயணைப்புத் துறையிடம் மரச் சுவரை எப்படி நியாயப்படுத்துவது? மரத் தரை நம் ஊரில் தாங்குமா?

பட்டறைமேசை

மரம் எது என்பதற்கு முன்னால், அது எங்கெங்கே தண்ணீரைத் தொடுகிறது என்று பாருங்கள் சார். வரைவில் மூன்று இடம் இடிக்கிறது.

தூணைக் காங்கிரீட்டில் புதைக்கவே கூடாது. தூணின் அடி வெட்டுமுகம் தண்ணீரை மேலே உறிஞ்சும், சுற்றியுள்ள காங்கிரீட் அதைக் காயவிடாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழும் முதலில் இற்றுப்போகும், வெளியே பெயின்ட் நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. கருங்கல் அடித்தளத்தைத் தரையிலிருந்து 450 மி.மீ. உயர்த்திக் கட்டுங்கள். மேலே துத்தநாகம் தோய்த்த எஃகுக் காலணி வைத்து, தூணின் அடி கல்லிலிருந்து 40, 50 மி.மீ. தூக்கி நிற்கட்டும். மழைத்துளி தரையில் பட்டு 30, 40 செ.மீ. வரை தெறிக்கும். 450 என்ற கணக்கு அதற்காகத்தான். இறவாரத்தை 1.2 மீட்டர் வெளியே நீட்டுங்கள்.

சமையலறை, கழிப்பறை, கை கழுவும் இடம் மூன்றையும் செங்கல் கட்டில் தனியாகப் பின்னால் தள்ளி, இடையில் ஒரு கூரை நடைபாதை போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குழாய் நாள் முழுக்க ஓடும், தரையை வாளித் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவார்கள். சட்டச்சுவருக்குள் ஒரு குழாய் கசிந்தால் பலகையைப் பிரிக்கும்வரை தெரியாது. இந்த இடத்தில் "முழுக்க மரம்" என்று பிடிவாதம் பிடித்தால் பத்து வருடத்தில் மறுபடி மரம் வாங்க வேண்டிவரும். அதில் என்ன சிக்கனம்?

முகட்டு உத்திரம். ஓடும், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரும் சதுர மீட்டருக்கு 0.65 கிலோநியூட்டன், கூரை உள்தட்டும் காப்பும் சேர்த்து 0.3. உயிர்ப்பாரம் (ஆள் ஏறுவது போல வந்துபோகும் பாரம்) 25 டிகிரிக்கு, பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கில் 0.45. மொத்தம் 1.4. உத்திரம் 3 மீட்டர் அகலக் கூரையைச் சுமக்கிறது, ஆக மீட்டருக்கு 4.2 கிலோநியூட்டன். வளைவுத் தகைவு 7.3 மெகாபாஸ்கல்தான் வருகிறது, அதில் கவலை இல்லை. சிக்கல் தொய்வில். மரத்தின் விறைப்பைக் காட்டும் நெகிழ்வெண் 9,000 மெகாபாஸ்கல் என்று வைத்தால் உடனடித் தொய்வு 17 மி.மீ. கூரையின் சொந்த எடையான நிலைப்பாரத்தால் வரும் பங்கு வருடக்கணக்கில் ஏறக்குறைய இரட்டிக்கும், 28 மி.மீ. வரை போகும். அனுமதிக்கும் தொய்வு நீளத்தில் 240-இல் ஒரு பங்கு என்றால் 6 மீட்டருக்கு 25தான். முகடு அமுங்கினால் ஓட்டு வரிசை பிரிந்து முகட்டோடு ஒழுகும். ஆழத்தை 450 ஆக்குங்கள். உடனடித் தொய்வு 9-க்குள் வரும், மொத்தம் 15-க்குள் நிற்கும். கைமரம் 50 × 150 போதும்.

காற்று: அந்தப் பகுதிக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர். 0.6 × 39 × 39 போட்டால் சதுர மீட்டருக்கு 0.91 கிலோநியூட்டன். இறவாரத்தில் கீழிருந்து தள்ளலும் மேலிருந்து உறிஞ்சலும் சேர்ந்தே வருவதால் கூரையின் சொந்த எடை அதைப் பிடித்துவைக்காது. ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்த் தலைச்சட்டத்தோடு 40 × 3 மி.மீ. எஃகுப் பட்டையால் கட்டுங்கள். சாய்வாக அடித்த ஆணியை நம்பாதீர்கள். தலைச்சட்டத்திலிருந்து அடித்தளம் வரை 12 மி.மீ. கம்பி, 1.2 மீட்டருக்கு ஒன்று. இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் பக்கவாட்டு ஓர ஓட்டையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு முடியுங்கள்.

அளவு: 12 மீட்டர் நீளம், இரு முனையிலும் 0.6 மீட்டர் நீட்டினால் சரிவுப் பரப்பு 122 சதுர மீட்டர், அதாவது 13 சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி) சொச்சம். சதுரத்துக்கு 150 ஓடு, உடைசலோடு 2,050 வாங்கலாம். கைமரம் 46, ஒவ்வொன்றும் 4.65 மீட்டர், மொத்தம் 57 கன அடி. ரீப்பர் 50 × 25 ஏறக்குறைய 380 மீட்டர், 17 கன அடி. சேதாரம் தனி.

சி.சி.ஏ. வேண்டாம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை அது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. மேற்பரப்பிலிருந்து ஆர்சனிக் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். இன்னொன்று, வெட்டி மிஞ்சிய துண்டுகளை வேலையாட்கள் அடுப்பெரிக்க எடுத்துப்போவார்கள். அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு. கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் மரத்துக்கு போரேட் (போராக்ஸ் வகை உப்பு) போதும். நனையும் இடத்தில் போரேட் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் அங்கே வைரம் பாய்ந்த தேக்கு அல்லது வேங்கை. வெள்ளைப் பகுதி ஒட்டியிருந்தால் தேக்கும் உளுக்கும், "தேக்கு" என்று பில்லில் எழுதியிருப்பதில் பலன் இல்லை.

நெருப்புக்கணக்கு

குழந்தைகள் கட்டடத்தில் மரம் என்றதும் எந்த அதிகாரிக்கும் 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்துதான் நினைவுக்கு வரும். 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் தீ கீற்றில் பிடித்தது, மாடியில் இருந்த பிள்ளைகளுக்கு இறங்க வழி போதவில்லை. உங்கள் வரைபடம் இந்த ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்படி இருந்தால் பேச்சு எளிதாகும்: கீற்று எங்கும் இல்லை, நிழல் பந்தலிலும் இல்லை. அடுப்பு தனிக் கட்டடத்தில், குறைந்தது 6 மீட்டர் தள்ளி. மாடி இல்லை. ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கதவு, ஒன்று திண்ணைக்கு, ஒன்று நேரே முற்றத்துக்கு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை, 1 மீட்டர் தெளிவான அகலம். நடக்கத் தெரியாத குழந்தைகளைச் சக்கரம் வைத்த தொட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதனால் வாசலில் படியோ உயர்ந்த நிலைப்படியோ கூடாது. அடித்தளம் 450 என்பதால் 12-இல் 1 சரிவில் 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும், இடத்தை இப்போதே ஒதுக்குங்கள்.

கனத்த மரமும் மெல்லிய மரமும் தீயில் ஒன்றாக நடப்பதில்லை. தடித்த உத்திரத்தின் வெளிப்புறம் கரியாகும், அந்தக் கரியே உள்ளே வெப்பம் போவதைத் தாமதிக்கும். குளூலாமுக்கு நிமிடத்துக்கு 0.7 மி.மீ. என்று எடுத்து, கரிக்கு உள்ளே சூட்டில் வலுவிழந்த அடுக்குக்கு 7 மி.மீ. கூட்டுங்கள். 30 நிமிடத்துக்கு ஒரு பக்கம் 28 மி.மீ. போகும். 120 × 450 உத்திரம் 64 × 422 ஆகும், கூரையின் எடையை அப்போதும் தாங்கும். 60 நிமிடம் கேட்டால் ஒரு பக்கம் 49, அகலத்தில் 22 மி.மீ.தான் மிஞ்சும். அது நிற்காது, 180 அகலம் எடுங்கள். இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி வரைபடத்தோடு வையுங்கள். வெளியே தெரியும் எஃகுத் தகடு மரத்துக்கு முன்னால் இளகிவிடும், ஆகவே இணைப்புத் தகடு மரத்துக்குள் காடி வெட்டி மறைந்திருக்க வேண்டும்.

அபாயம் மெல்லிய பலகையில்தான். இருபுறமும் 12 மி.மீ. பலகை அடித்த உள்ளீடற்ற சுவர் புகைபோக்கி போல வேலை செய்யும். அறையின் உட்புறத்துக்கு 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை, உள்ளே ராக்வூல் (தீப்பிடிக்காத பாறைப்பஞ்சு), சட்டத்தின் நடுவுயரத்தில் குறுக்குக்கட்டை. மரப் பலகை வெளிப்புறத்துக்கு மட்டும் போதும். உள்ளே மரம் தெரிய வேண்டுமென்றால் உத்திரமும் கைமரமும் தெரியட்டும்.

வயரை இந்தச் சுவருக்குள் வெறும் பிளாஸ்டிக் குழாயில் விட்டால் எலியும் அணிலும் கடிக்கும், தோப்பு என்றால் கட்டாயம் வரும். இரும்புக் குழாயில் விடுங்கள், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் தீயணைப்புத் துறையின் கோட்ட அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுவது நல்லது. கட்டிய பிறகு கதவை மாற்றச் சொன்னால் மரச் சட்டத்தில் அது பெரிய வேலை.

சின்னவிரல்

சில விஷயம் மட்டும். கம்பி, சட்டம், கைப்பிடி எதிலும் 89 முதல் 230 மி.மீ. வரையான இடைவெளி கூடாது, உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. 8 முதல் 25 மி.மீ. துளைகளில் விரல் மாட்டும். கதவின் கீல் பக்கம் விரல் நசுங்குவதுதான் இந்த வயதில் அடிக்கடி நடப்பது. தரையிலிருந்து 1.2 மீட்டர் வரை கீல் இடுக்கை மூடும் நெகிழ்பட்டை போடுங்கள். ஜன்னல் அடிமட்டம் 45 செ.மீ.யில் வைத்தால் உட்கார்ந்தே தோப்பைப் பார்ப்பார்கள், ஆனால் 80 செ.மீ.க்குக் கீழே உள்ள கண்ணாடி லேமினேட்டடாக (உடைந்தாலும் சிதறாதபடி நடுவே படலம் ஒட்டியது) இருக்கட்டும்.

பனங்கைமரம் என்று யாராவது சொன்னால் மேலே உயரத்தில் மட்டும். கை எட்டும் இடத்தில் பனை கூடாது, அதன் கறுப்பு நாரின் சிலாம்பு ஏறினால் எடுப்பது கடினம். அதோடு தமிழ்நாட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

கொங்கு_கட்டடம்

தெளிவாகிறது. தூணும் ஈர அறைகளும் மாறுகின்றன, உத்திரம் 180 × 450. இரண்டு துணைக் கேள்வி. அதே தோப்பில் வேர்வாடல் நோய் வந்து வெட்டப்போகும் வயதான தென்னைகள் நிறைய நிற்கின்றன, அவற்றைக் கைமரத்துக்கு எடுக்கலாமா? கரையானுக்கு அடித்தளத்தில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றுவதுதான் வழக்கம் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

தென்னைத்தச்சு

எடுக்கலாம். தோப்பிலேயே அறுத்து அங்கேயே கட்டும் மரத்தைவிடக் குறைந்த தூரம் பயணிக்கும் மரம் வேறு ஏது? ஆனால் தென்னை மற்ற மரம் மாதிரி இல்லை, வைரம் உள்ளே இருக்காது. கெட்டி எல்லாம் வெளிவட்டத்தில், அதுவும் அடித்தண்டில். கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருப்பது கைமரத்துக்கு, 400 முதல் 600 வரை உள்தட்டுப் பலகைக்கு, 400-க்குக் கீழே உள்ள நடுச்சோறு பாரம் தாங்கும் எந்த வேலைக்கும் ஆகாது. சோதிக்க எளிய வழி: 100 × 50 × 300 மி.மீ. துண்டு ஒன்றரை லிட்டர் கொள்ளளவு. காய்ந்தபின் தராசில் 900 கிராமுக்குக் குறைந்தால் கைமரத்திலிருந்து விலக்குங்கள். 50 வயது தாண்டிய மரமாகப் பாருங்கள். செவ்வண்டு குடைந்த தண்டு வேண்டாம்.

வெட்டிய ஓரிரு வாரத்துக்குள் அறுத்துவிட வேண்டும், மாவும் சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சை உடனே பிடிக்கும். சாதா ரம்பப் பல் சீக்கிரம் மழுங்கும், கார்பைடு முனை வைத்த ரம்பம் உள்ள மில்லாகப் பிடியுங்கள். அறுத்த பச்சை மரத்தை அன்றே போரேட் கரைசலில் முக்குங்கள்: போராக்ஸ் ஒன்றரைப் பங்கு, போரிக் அமிலம் ஒரு பங்கு. சூடான நீரில்தான் அடர்த்தியாகக் கரையும். முக்கியதைக் கட்டை கட்டையாக நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஈரத்தின் வழியாகவே உப்பு உள்ளே பரவும், 25 மி.மீ. தடிமனுக்கு 4 வாரம், 50-க்கு 8 வாரம். அவசரப்பட்டு முன்னாலேயே வெயிலில் போட்டால் உப்பு மேல்தோலில் நின்றுவிடும், உள்ளே உளுக்கும். பிறகு இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் குறைந்தது 4 மாதம். ஈரமானியில் 15 சதவீதம் பார்த்த பிறகே பூட்டுங்கள். ஆக, மரம் வெட்டுவது வேலை தொடங்குவதற்கு ஆறேழு மாதம் முன்னால் நடக்க வேண்டும். இதைத் திட்டத்தில் எழுதாதவர்கள் கடைசியில் டிப்போவுக்குத்தான் போகிறார்கள். கெட்டித் தென்னையில் ஆணிக்கு முன்துளை போடாவிட்டால் பிளக்கும்.

குளோர்பைரிபாஸ் வேண்டாம். குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிப்பது என்பதால் அமெரிக்காவில் 2000-இலேயே வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கத் தொடங்கினார்கள். தவழும் பிள்ளைகளுக்குக் கீழே அதை ஊற்ற எந்த நியாயமும் இல்லை. அடித்தளத்தின் தலையில் சுற்றிலும் 1 மி.மீ. துத்தநாகத் தகடு, விளிம்பு 50 மி.மீ. வெளியே நீண்டு 45 டிகிரி கீழே மடங்கட்டும், மூட்டுகளைப் பற்றவைத்து அடையுங்கள். இது கரையானைக் கொல்லாது. மண்குழாயை வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியும்படி கட்ட வைக்கும். மாதம் ஒருமுறை சுற்றி வந்து பார்த்து உடைத்தால் போதும். அதற்கு அடித்தளம் எப்போதும் தெரிய வேண்டும்: ஒட்டிச் செடித்தொட்டி, மட்டை, உரிமட்டைக் குவியல் எதுவும் கூடாது, 60 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி. அருகிலுள்ள தென்னை அடிக்கட்டைகளைத் தோண்டி எடுங்கள். காங்கிரீட் வார்க்க அடித்த சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை மண் நிரப்பில் விட்டுவிடுவார்கள், அதுதான் கரையானுக்கு முதல் விருந்து.

அமைதிஅறை

தரை பற்றி யாரும் சொல்லவில்லை. தினம் ஈரத் துடைப்பும் சிறுநீரும் பாலும் கொட்டும் இடத்தில் மரத் தரை வேண்டாம். பலகை உப்பும், இடுக்கில் நாற்றம் தங்கும். காவி சிமென்ட் தரை போட்டு, தூங்கும் மூலையில் மட்டும் தூக்கி வைக்கக்கூடிய 25 மி.மீ. பலகை மேடை. சிமென்ட் குறைய வேண்டும் என்ற விருப்பத்துக்கு இது இடிக்கும்தான், ஆனால் செலவாகும் சிமென்ட் மெல்லிய மேல்பூச்சுக்கு மட்டுமே.

சத்தத்தையும் இப்போதே கவனியுங்கள். 36 சதுர மீட்டர், சராசரி உயரம் 3.4 என்றால் 122 கன மீட்டர். எதிரொலி 0.6 நொடிக்குள் நிற்க ஒலியை முழுக்க உறிஞ்சும் 33 சதுர மீட்டருக்குச் சமமான உறிஞ்சுபரப்பு வேண்டும். காவித் தரை, ஜிப்சம் சுவர், பலகைக் கூரை மூன்றும் ஒலியைத் திருப்பி அடிக்கும். பதினைந்து பிள்ளைகள் கத்தினால் பார்த்துக்கொள்பவர் அதைவிடக் கத்த வேண்டும். சரிவுக் கூரையின் உட்பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அது முழுக்க 0.7 உறிஞ்சுதிறன் உள்ள மரநார் சிமென்ட் பலகை அடித்தால் 28 கிடைக்கும், மிச்சத்தைத் திறந்த ஜன்னலும் பாயும் பார்த்துக்கொள்ளும். அதே பலகை ஓட்டுச் சூட்டையும் தடுக்கும், ஓட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று இறவாரத்தில் நுழைந்து முகட்டில் வெளியேறினால்.

பட்டறைமேசை

மேல்பூச்சு விடுபட்டுவிட்டது. ஆசாரிகள் கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை அடிக்கக் கேட்பார்கள். பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் தோலில் பட்டால் கொப்புளம். குழந்தை எட்டாத உயரத்திலும் சொட்டும் என்பதால் இங்கே வேண்டாம். பழைய இன்ஜின் ஆயில் எங்குமே வேண்டாம். கை படும் மரத்துக்குப் பொம்மைகளுக்கான ஐ.எஸ். 9873 பகுதி 3 சோதனையில் தேறிய நீர்வழிப் பூச்சு. ஆளி விதை எண்ணெய் என்றால் உலோக உலர்த்தி சேர்க்காதது, துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் தண்ணீரில் ஊறவிடுங்கள், சும்மா கிடந்தே தீப்பிடிக்கும்.

கொங்கு_கட்டடம்

கடைசியாக ஒன்று. காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டுத் தேக்கு ஜன்னல்கள் எட்டு கிடைக்கின்றன, பழைய பச்சைப் பெயின்டோடு. தேய்த்துவிட்டுப் போடலாமா?

பட்டறைமேசை

உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2016 விதிகளில்தான் வந்தது, அதற்கு முந்தைய பச்சையும் மஞ்சளும் ஈயம் மிகுந்தவையாக இருக்கலாம். முதலில் ஒரு சுரண்டலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம் இருந்தால் தளத்துக்கு வெளியே, ரசாயனக் களிம்பால் உரித்து, ஈரமாகவே சுரண்டி எடுக்க வேண்டும், உரித்ததை மூட்டை கட்டி ஆபத்தான கழிவாக ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தும் புதுத் தேக்கைவிட மலிவாக வந்தால் வாங்குங்கள். ஜன்னல் கம்பி இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், 89-ஐத் தாண்டினால் நடுவே ஒரு கம்பி சேர்க்க வேண்டிவரும்.